சின்ன காரும் பெரிய எஸ்யூவியும் நேருக்கு நேர் மோதினால் ஐந்து ஸ்டாருக்கு என்ன மதிப்பு?

கேள்வி இது: "என் காரின் எடை ஏறக்குறைய 1,000 கிலோ. கிராஷ் டெஸ்டில் ஐந்து ஸ்டார் வாங்கியது. எதிரே வரும் 2,000 கிலோ எஸ்யூவியும் ஐந்து ஸ்டார்தான். இரண்டும் நேருக்கு நேர் மோதினால் இரண்டிலும் இருப்பவர்களுக்கு ஒரே பாதுகாப்புதானே? இல்லையென்றால், எல்லாம் எடை செய்யும் வேலையா?"

ஒரே பாதுகாப்பு கிடையாது. எடைக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பதும் உண்மை. ஆனால் எடையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் விஷயத்தில் பாதியைத்தான் சொல்கிறார்கள். வண்டியின் முன்பக்கம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எந்த உயரத்தில் இருக்கிறது, நசுங்குவதற்கு எவ்வளவு நீளம் விட்டிருக்கிறார்கள், உள்ளே ஆட்கள் உட்காரும் கூடு எவ்வளவு வலுவானது என்பதெல்லாம் மீதிப் பாதி. எடையின் விளைவை யாராலும் மாற்ற முடியாது. இந்த மீதிப் பாதியை வடிவமைப்பவர்கள் மாற்றலாம், கொஞ்சம் மாற்றியும் இருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த ஸ்டார். பழைய முறைச் சோதனைகளில் வண்டியைக் கொண்டுபோய் அசையாத சுவரிலோ, தரையில் பொருத்திய நசுங்கும் தடுப்பிலோ மோதுவார்கள். சுவர் தானாக எதையும் கொண்டுவருவதில்லை. மோதும்போது எவ்வளவு ஆற்றல் செலவாக வேண்டுமோ, அது முழுக்க வண்டி தன்னோடு கொண்டுவந்த ஆற்றல்தான். 1,000 கிலோ கார் 1,000 கிலோ காருக்கான ஆற்றலைச் சமாளித்தால் போதும். 2,000 கிலோ வண்டி அதைப் போல இரண்டு மடங்கைச் சமாளிக்க வேண்டும். ஆக, சுவர்ச் சோதனை என்பது அந்த வண்டி தன்னைப் போன்ற இன்னொரு வண்டியோடு நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறது. ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவன், பத்தாம் வகுப்பில் முதல் மாணவன் என்பதுபோல: இரண்டு பேரும் முதலிடம், ஆனால் எழுதிய தேர்வு வேறு. அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. நேர்முக மோதலுக்கான ஸ்டார்களை ஒப்பிட வேண்டுமானால் எடை வித்தியாசம் 250 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 113 கிலோவுக்குள் இருக்கும் வண்டிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள் என்பது அவர்கள் தரும் அறிவுரை. விளம்பரங்களில் ஸ்டார் பெரிதாக வருகிறது. இந்த வரி வருவதில்லை.

இங்கேயே பலருக்கும் இருக்கும் ஒரு தப்பான கணக்கையும் தீர்த்துவிடலாம். "நான் 50, அவன் 50, மொத்தம் 100, ஆக 100 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதிய மாதிரி" என்பார்கள். இரண்டும் ஒரே எடை, ஒரே மாதிரி வண்டி என்றால் அது சரியில்லை. இரண்டும் மோதிய இடத்திலேயே நின்றுவிடும்; ஒவ்வொன்றும் 50-லிருந்து பூஜ்யத்துக்கு வருகிறது. உள்ளே இருப்பவருக்கு அது 50-ல் சுவரில் மோதியதற்குச் சமம். எடை மாறும்போதுதான் கணக்கு மாறுகிறது.

மாற்றிப் பார்ப்போம். 1,000 கிலோ காரும் 2,000 கிலோ எஸ்யூவியும், இரண்டும் 50 கிமீ வேகம். மோதிய பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டு, எஸ்யூவி போன திசையிலேயே, ஏறக்குறைய மணிக்கு 17 கிமீ வேகத்தில் நகரும். உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது) அழியாது என்ற விதியிலிருந்து நேராக வருவது இது. எஸ்யூவியில் இருப்பவரின் வேகம் 50-லிருந்து 17-க்கு இறங்குகிறது, மாற்றம் 33. காரில் இருப்பவரோ முன்னோக்கி 50-ல் போய்க்கொண்டிருந்தவர், பின்னோக்கி 17-ல் தள்ளப்படுகிறார், மாற்றம் 67. ஒருவருக்கு 33-ல் சுவரில் மோதிய விபத்து, இன்னொருவருக்கு 67-ல் மோதிய விபத்து. இரண்டு பேரும் ஒரே விபத்தில்தான் இருந்தார்கள். விபத்தின் கடுமையை அளக்கப் பொறியாளர்கள் முதலில் பார்ப்பது இந்த வேக மாற்றத்தைத்தான். ஸ்பீடோமீட்டர் காட்டிய வேகத்தை அல்ல.

இது உயிரிழப்பில் எப்படித் தெரிகிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த லெனர்ட் எவன்ஸ் அமெரிக்க விபத்துப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார். ஒரு கார் மற்றதைப் போல இரு மடங்கு எடை என்றால், இலகுவான காரின் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பு கனமான காரின் ஓட்டுநரைவிட ஏறக்குறைய 12 மடங்கு. எடை வித்தியாசம் இரண்டு மடங்கு, சாவின் வித்தியாசம் 12 மடங்கு! வேக மாற்றம் சற்றுக் கூடினாலே மரண அபாயம் செங்குத்தாக ஏறுகிறது என்பதுதான் காரணம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவன்ஸ் எடுத்தது அந்தக் காலத்துச் சாலையில் ஓடிய கார்களை. அவற்றில் கனமான கார் பெரும்பாலும் நீளமாகவும் இருந்தது, விறைப்பாகவும் இருந்தது. எடை, நீளம், விறைப்பு மூன்றும் அந்த 12-க்குள் பின்னிக் கிடக்கின்றன.

எடை மட்டுமே விதி என்றால் ஒரே எடையுள்ள இரண்டு கார்களில் இருப்பவர்களுக்கு ஒரே கதி நேர வேண்டும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம், சுருக்கமாக ஐஐஎச்எஸ், 2009-ல் தன் ஐம்பதாவது ஆண்டையொட்டி 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் ஒன்றை 2009-ஆம் ஆண்டு செவர்லே மாலிபு மீது மோதவிட்டது. எடையில் பெரிய வித்தியாசம் இல்லாத இரண்டு கார்கள். பழைய காரின் முன்கூடு இடிந்து ஸ்டியரிங், ஓட்டுநர் இடத்தில் வைத்த சோதனைப் பொம்மையின் மேல் வந்தது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரின் கூடு நின்றது. அந்த ஓட்டுநருக்குக் காலில் அடிபட்டிருக்கும், அவ்வளவுதான். முன்பக்கம் நசுங்க வேண்டும், நடுக்கூடு நசுங்கக் கூடாது என்று மெர்சிடிஸ் பொறியாளர் பெலா பாரெனி 1950-களிலேயே சொன்ன விஷயம் முழுதாக நிறைவேறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சோதனை சாட்சி.

இனி இந்தக் கேள்வியின் கருவுக்கு வருகிறேன். மோதும்போது இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் இருக்கும் விசை ஒன்றே. நான் உன்னை எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவுதான் நீயும் என்னை அழுத்துகிறாய். ஆகவே, எந்த முன்பக்கம் குறைந்த விசைக்கு மடங்குகிறதோ அது முதலில் மடங்கும். மற்றது காத்திருக்கும்.

மேலே சொன்ன அதே இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் முன்னால் நசுங்க 60 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நசுங்கும் விசை முழு நீளத்துக்கும் ஒரே அளவு என்று எளிமைப்படுத்திக்கொள்கிறேன். உண்மையில் அது ஏறி இறங்கும், ஆனால் போக்கு இதுதான். இரண்டுமே 50 கிமீ சுவர்ச் சோதனையில் நன்றாகத் தேற வேண்டும். காரின் ஆற்றல் 96 கிலோஜூல். அதை 60 சென்டிமீட்டரில் கரைக்க 160 கிலோநியூட்டன் விசை போதும். எஸ்யூவியின் ஆற்றல் 193 கிலோஜூல். அதே 60 சென்டிமீட்டரில் கரைக்க 320 கிலோநியூட்டன் வேண்டும். சுவரில் நன்றாகத் தேறுவதற்காகவே எஸ்யூவியின் முன்பக்கம் காரைப் போல இரு மடங்கு விறைப்பாகக் கட்டப்பட்டுவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. சோதனை அப்படிக் கேட்டது, அப்படிக் கட்டினார்கள்.

இப்போது இரண்டையும் மோதவிடுங்கள். இரண்டின் ஆற்றலும் சேர்த்து 289 கிலோஜூல்; மோதிய பிறகு 17 கிமீ-யில் சேர்ந்து நகர்வதில் 32 மிஞ்சும், ஆகக் கரைக்க வேண்டிய ஆற்றல் 257 கிலோஜூல். முதல் 24 மில்லிவினாடியில் விசை 160 கிலோநியூட்டனில் நிற்கிறது. காரின் முன்பக்கம் மட்டும் நசுங்குகிறது, எஸ்யூவியின் முன்பக்கம் அசையவில்லை, ஏனென்றால் அது மடங்க 320 வேண்டும். காரின் 60 சென்டிமீட்டரும் தீர்ந்துவிட்டது. 96 கிலோஜூல் போயிற்று. மீதி 161 கிலோஜூல் அப்படியே இருக்கிறது.

அடுத்த கணத்தில் என்ன நடக்கும் என்பது காரின் பயணிகள் கூட்டைப் பொறுத்தது. அது 320 கிலோநியூட்டனைத் தாங்கினால், எஸ்யூவியின் முன்பக்கம் வேறு வழியில்லாமல் நசுங்கத் தொடங்கும். அரை மீட்டர் நசுங்கி, மொத்தம் 70 மில்லிவினாடியில் விஷயம் முடிந்துவிடும். காரில் இருப்பவர் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கூடு 200 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்காது என்றால்? அந்த 161 கிலோஜூலும் கூட்டுக்குள்ளேயே கரைய வேண்டும். அதற்கு 80 சென்டிமீட்டர் ஆகும். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தைக் கையால் அளந்து பாருங்கள், 80 சென்டிமீட்டர் என்றால் என்ன என்று புரியும். எஸ்யூவியின் நசுங்கும் பகுதியோ வேலையே செய்யாமல் கிட்டத்தட்ட முழுதாக நிற்கும். இரண்டு வண்டிக்கும் சேர்த்து 120 சென்டிமீட்டர் நசுங்கும் இடம் இருந்தும், பாதி பயன்படாமல் போய், ஒரு மனிதர் நெஞ்சில் அந்தச் சுமை இறங்குகிறது. இரு வண்டிகளும் ஐந்து ஸ்டார்.

இந்தப் பொருத்தத்தைத்தான் பொறியாளர்கள் மோதல் இணக்கம் என்கிறார்கள். தன் ஆட்களைக் காப்பாற்றுவதோடு, எதிர் வண்டியில் இருப்பவருக்கு வீணாகக் கேடு செய்யாமலும் இருப்பது. மேலே சொன்ன கணக்கிலிருந்து இரண்டு தீர்வுகள் தெரியும். சின்ன காரின் கூடு, தன் சுவர்ச் சோதனைக்குத் தேவையானதைவிட வெகுவாக வலுவாக இருக்க வேண்டும். எதிரே வரும் பெரிய வண்டியின் முன்பக்கத்தை மடக்கும் அளவுக்கு வலுவாக. பெரிய வண்டியின் முன்பக்கம் குறைந்த விசையில், நீண்ட தூரம் நசுங்க வேண்டும். அந்த எஸ்யூவிக்கு 60-க்குப் பதில் 80 சென்டிமீட்டர் நசுங்கும் இடம் கொடுத்தால், அதே சுவர்ச் சோதனையை 240 கிலோநியூட்டனில் முடித்துவிடலாம். சின்ன காரின் கூடு 320 தாங்க வேண்டியதில்லை, 240 போதும். அதில் இருப்பவர் உணரும் தளர்வும், அதாவது வேகம் குறையும் வீதமும், 33 ஜி-யிலிருந்து 25 ஜி-க்குக் குறைகிறது (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு). எஸ்யூவியில் இருப்பவருக்கும் உலுக்கல் குறைவு.

எடையும் நீளமும் ஒன்றல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கூடுதல் எடை என்னைக் காப்பாற்றுகிறது, எதிராளியைத் தாக்குகிறது. கூடுதல் நசுங்கும் நீளம் இருவரையும் காப்பாற்றுகிறது. "பெரிய வண்டி" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

தாளில் போட்ட கணக்கு சாலையில் எப்படி இருக்கும் என்பதற்கும் ஐஐஎச்எஸ் 2009-ல் செய்த இன்னொரு சோதனை வரிசையைப் பார்க்கலாம். ஒரே நிறுவனக் குடும்பத்தின் சின்ன காரையும் நடுத்தர காரையும் ஜோடியாக எடுத்தார்கள்: ஹோண்டா ஃபிட்டும் அக்கார்டும், டொயோட்டா யாரிஸும் கேம்ரியும், ஸ்மார்ட் ஃபோர்டூவும் மெர்சிடிஸ் சி-கிளாஸும். இரண்டும் 64 கிமீ வேகத்தில், முகப்பின் ஒரு பகுதி மட்டும் படும்படி. மூன்று சின்ன கார்களும் அதற்கு முன் தடுப்புச் சோதனையில் "நன்று" என்று மதிப்பிடப்பட்டவை. ஜோடிச் சோதனையில் மூன்றுக்கும் "மோசம்". ஸ்மார்ட் கார் காற்றில் எழும்பி ஒன்றேகால் சுற்றுச் சுற்றி விழுந்தது; சி-கிளாஸின் கூட்டுக்குள் பெரிதாக எதுவும் நுழையவில்லை. யாரிஸின் கதவு பெரும்பகுதி பிய்ந்துவிட்டது. இவ்வளவுக்கும் எதிரே வந்தவை பெரிய எஸ்யூவிகள்கூட இல்லை, சாதாரண செடான்கள்.

அந்தச் சோதனைக்குப் பிறகு வந்த சின்ன கார்களின் கூடுகள் நிறையவே வலுவாகியிருக்கின்றன. உயர்வலிமை எஃகு பரவலானதும், 2012-ல் ஐஐஎச்எஸ் முகப்பின் 25 சதவீதம் மட்டும் மோதும் சோதனையைக் கொண்டுவந்ததும் அதற்கு உதவின. ஆனாலும் 67 கிமீ வேக மாற்றம் 67 கிமீ-தான். கூடு நின்றாலும் உள்ளே இருக்கும் உடல் அதைத் தாங்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு முன்பக்கங்களும் ஒழுங்காக ஒன்றோடொன்று பொருந்தி நசுங்கும் என்ற நம்பிக்கையில் சொன்னது. பல விபத்துகளில் அதுவே நடப்பதில்லை. நீங்கள் வெளியே பார்க்கும் பம்பர் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்கு மோதலில் பெரிய வேலை கிடையாது. உள்ளே ஒரு குறுக்குச் சட்டம், அதற்குப் பின்னால் எஞ்சினின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகு ரெயில்கள். ஆற்றலின் பெரும்பகுதியைத் தின்ன வேண்டியவை அவைதான். ஒரு வண்டியின் ரெயிலும் மற்றதன் ரெயிலும் ஒரே உயரத்தில் சந்தித்தால்தான் இரண்டும் மடிப்பு மடிப்பாக நசுங்கும். எஸ்யூவியின் ரெயில் ஒரு சாண் மேலே இருந்தால், அது காரின் ரெயிலுக்கு மேலாக ஏறி, பானெட்டைக் கிழித்துக்கொண்டு கண்ணாடிக்குக் கீழே வந்து நிற்கும். காரின் நசுங்கும் பகுதி கீழே முழுதாகவே இருக்கும். பக்கவாட்டிலும் இதே கதைதான்: குறுக்குச் சட்டம் பலவீனமாக இருந்தால் ஒரு வண்டியின் ரெயில் மற்றதன் இரண்டு ரெயில்களுக்கும் நடுவே குத்திக்கொண்டு நுழைந்துவிடும்.

1990-களில் அமெரிக்காவில் பிக்கப்களும் எஸ்யூவிகளும் பெருகியபோது இந்த உயரப் பிரச்சினை வெளிப்படையாகத் தெரிந்தது. அவற்றில் பல, லாரியைப் போலத் தனி சேசிஸ் மேல் கட்டப்பட்டவை. உயரமான, விறைப்பான ரெயில்கள். 2003-ல் வாகன நிறுவனங்கள் ஐஐஎச்எஸ்-ஸோடு உட்கார்ந்து தாங்களாகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கார்களுக்கான பம்பர் உயர வரையறை தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலம், அதாவது 406 முதல் 508 மில்லிமீட்டர். பிக்கப், எஸ்யூவிகளின் முன் ரெயில்கள் அந்தப் பட்டையில் குறைந்தது பாதியையாவது தொட வேண்டும். அது முடியாவிட்டால் ரெயிலுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு சட்டம் வைக்க வேண்டும். 2009 செப்டம்பருக்குள் எல்லா வண்டியும் இதற்கு வர வேண்டும் என்று முடிவானது. 2002-ல் வந்த வால்வோ எக்ஸ்சி90 இதற்கு முன்பே கார் பம்பர் உயரத்தில் ஒரு கீழ்க் குறுக்குச் சட்டத்தோடு வந்திருந்தது. ஹோண்டா எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தது: விசையை இரண்டு ரெயிலில் மட்டும் விடாமல் மேலும் கீழுமாகப் பல வழிகளில் பிரித்து அனுப்பும் உடற்கட்டை 2003-லேயே தன் சின்ன கார்களில் புகுத்தத் தொடங்கியது.

இதன் பலன் உண்மையிலேயே மனதுக்கு நிறைவு தருவது. 2000-01-ல், ஒன்று முதல் நான்கு வயதுள்ள எஸ்யூவிகள் பத்து லட்சம் ஓடிய ஓர் ஆண்டில், அவற்றோடு மோதி எதிர் கார்களில் இறந்தவர்கள் 44 பேர். 2008-09-ல் அது 16 ஆனது. எல்லாமே உயரப் பொருத்தத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். கார்களின் கூடும் பக்கவாட்டு ஏர்பேக்கும் அதே காலத்தில் மேம்பட்டன, தனி சேசிஸ் எஸ்யூவிகளும் குறைந்தன. ஆனால் எஸ்யூவிகள் இந்தக் காலத்தில் இலகுவாகிவிடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். எடை குறையாமலேயே எதிராளியின் சாவு பாதிக்கு மேல் குறைந்தது.

சோதனை முறையும் மாற வேண்டுமே? ஐரோப்பாவில் மாறியது. அங்கே கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் கொடுக்கும் அமைப்பான யூரோ என்கேப் 2020-லிருந்து, தரையில் பொருத்திய தடுப்பை விட்டுவிட்டு, ஓடிவரும் 1,400 கிலோ தள்ளுவண்டி ஒன்றைப் பயன்படுத்துகிறது. சோதனைக் கார் 50 கிமீ, தள்ளுவண்டி 50 கிமீ, முகப்பில் பாதிக்குப் பாதி மோதல். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி மோதலுக்குப் பிறகு வருவது. தள்ளுவண்டியின் முகத்தில் தேன்கூட்டு வடிவில் அலுமினியக் கட்டை ஒன்று இருக்கும். உள்ளே போகப் போக விறைப்பு கூடும். மோதல் முடிந்ததும் அந்தக் கட்டையின் பரப்பை ஸ்கேன் செய்து, மேடு பள்ளங்களை அளக்கிறார்கள். வண்டியின் முன்பக்கம் விசையைப் பரப்பிக் கொடுத்திருந்தால் கட்டை ஓரளவு சமமாக அமுங்கியிருக்கும். ரெயில் முனை மட்டும் குத்தியிருந்தால் அந்த இடத்தில் ஆழமான குழி. ஒரு சின்ன காரின் ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் பயணிகள் கூட்டுக்கும் நடுவே இருக்கும் தகட்டில், அதே குழி விழுந்திருக்கும் என்று பொருள். தள்ளுவண்டி எவ்வளவு திடீரென்று தளர்ந்தது என்பதையும் கணக்கில் எடுத்து, எதிராளிக்குக் கேடு செய்யும் வண்டிக்கு மதிப்பெண்ணைக் கழிக்கிறார்கள். தன் ஆட்களை எவ்வளவு நன்றாகக் காப்பாற்றினாலும் கழிவு கழிவுதான்.

இன்னொரு நல்ல விளைவும் உண்டு. தள்ளுவண்டி 1,400 கிலோ என்பதால், அதைவிட இலகுவான கார் தன்னைவிடக் கனமானதைச் சந்திக்கிறது. கனமான வண்டி தன்னைவிட இலகுவானதைச் சந்திக்கிறது. சாலையில் நடப்பதும் அதுதான். ஆகவே சின்ன கார் ஒன்று இந்தச் சோதனையில் வாங்கும் நல்ல மதிப்பெண்ணுக்குச் சுவர்ச் சோதனை மதிப்பெண்ணைவிடக் கனம் அதிகம்.

கூடு நின்றால் போதுமா என்று கேட்டால், போதாது. மேலே போட்ட கணக்கில் அந்தச் சின்ன கார் தன் சுவர்ச் சோதனையில் 16 ஜி தளர்வை 86 மில்லிவினாடி அனுபவித்தது. எஸ்யூவியோடு மோதும்போது முதல் 24 மில்லிவினாடி அதே 16 ஜி, அதற்குப் பிறகு 33 ஜி. பெல்ட் போடாதவருக்கு இதில் வாய்ப்பே இல்லை. போட்டவருக்கும், பெல்ட்டின் தளர்ச்சியை முதல் சில மில்லிவினாடியிலேயே இழுத்துப் பிடிக்கும் பிரீடென்ஷனரும், நெஞ்சில் அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டும்போது பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் அமைப்பும் இருக்கிறதா என்பது பெரிய வித்தியாசம். பின் சீட்டிலும் இவை இருக்க வேண்டும். பல கார்களில் முன் சீட்டோடு நின்றுவிடுகின்றன. வயதானவர்களின் விலா எலும்பு குறைந்த விசையிலேயே முறியும் என்பதால், அதிகம் பாதிக்கப்படுவது அவர்கள்தான்.

லாரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1,000 கிலோ காரும் 20,000 கிலோ லாரியும் ஆளுக்கு 50 கிமீ-யில் மோதினால் காரின் வேக மாற்றம் 95 கிமீ. இங்கே இணக்கம் என்ற பேச்சுக்கு மிகக் குறைந்த இடம்தான். கார் லாரியின் அடியில் நுழைந்து மேற்கூரை சீவப்படாமல் தடுப்பதே முதல் வேலை. அதற்குத்தான் லாரியின் முன் பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து 400 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாத தடுப்புச் சட்டம் வேண்டும் என்று ஐநா-வின் வாகன விதி எண் 93 சொல்கிறது. அது இருந்தால் காரின் முன்பக்கத்துக்கு நசுங்கவாவது ஏதோ ஒன்று கிடைக்கும்.

"அப்படியென்றால் நானும் கனமான வண்டியே வாங்கிவிடுகிறேன்" என்பதுதான் அடுத்து வரும் பேச்சு. தன் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் அப்படி நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆண்டர்சன், மேக்ஸிமிலியன் ஆஃப்ஹாமர் இருவரும் லட்சக்கணக்கான விபத்துகளை ஆராய்ந்து, மோதும் வண்டி 1,000 பவுண்டு, அதாவது 454 கிலோ, கூடுதல் எடையாக இருந்தால் மற்ற வண்டியில் சாவு நேரும் வாய்ப்பு 47 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ஒவ்வொருவரும் தன் பாதுகாப்புக்கு என்று எடையைக் கூட்டினால், எல்லோரும் கூட்டிய பிறகு யாருக்கும் கூடுதல் அனுகூலம் மிச்சமில்லை. கரைக்க வேண்டிய ஆற்றல் மட்டும் கூடியிருக்கும். அசையாத பாலத் தூணில் மோதும்போதும் கூடுதல் எடை உதவுவதில்லை. மின்வாகனங்களில் இந்தக் கவலை இன்னும் கூடுதல். ஜிஎம்சி ஹம்மர் மின்வண்டியின் எடை 9,000 பவுண்டுக்கு மேல், நாலாயிரம் கிலோவுக்கும் அதிகம். அதன் பேட்டரி மட்டுமே ஏறக்குறைய 1,300 கிலோ, ஒரு ஹோண்டா சிவிக் காரின் எடை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி 2023 ஜனவரியில் இதையே பொது மேடையில் எடுத்துச் சொல்லிக் கவலைப்பட்டார்.

மிகச் சின்ன காரில் இருப்பவர் நடுத்தர எடைக்கு மாறினால் அவருக்கு நிஜமான லாபம் உண்டு. நடுத்தரத்திலிருந்து மிகக் கனத்துக்கு மாறுபவருக்குக் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு சொற்பம், எதிராளிக்கு அவர் ஏற்றும் சுமைதான் அதிகம். என் தீர்ப்பு இது: எடையைத் துரத்த வேண்டாம். ஸ்டார் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிற்காமல், அது எந்த ஆண்டுச் சோதனை, ஓடிவரும் தள்ளுவண்டியோடு செய்ததா, பயணிகள் கூடு நிலையாக நின்றது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதா, எதிராளிக்கான கேட்டுக்கு மதிப்பெண் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் ரெயிலோடு பிணைத்த கனத்த இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்; அது நசுங்க வேண்டிய பகுதியை நசுங்கவிடாமல், எதிர் வண்டியைக் குத்தும் முனையாக மாறிவிடுகிறது, ஏர்பேக் சென்சாரின் கணக்கையும் குழப்பும்.

தானாக பிரேக் பிடிக்கும் அமைப்பு இருக்கும் வண்டி கிடைத்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன். காரணம், நாம் போட்ட அதே கணக்கில் இருக்கிறது. மோதும் நேரத்தில் இரண்டு வண்டியும் 50-க்குப் பதில் 40-ல் இருந்தால், கரைக்க வேண்டிய ஆற்றல் 257-லிருந்து 165 கிலோஜூலாக இறங்குகிறது. காரின் முன்பக்கம் தன் 96-ஐத் தின்ற பிறகு, கூடு தாங்கி நிற்க வேண்டிய அந்தக் கடுமையான கட்டத்துக்கு மிஞ்சுவது 161 அல்ல, 68 கிலோஜூல். 200 கிலோநியூட்டன் மட்டுமே தாங்கும் பலவீனமான கூட்டில்கூட 80 சென்டிமீட்டர் உள்வாங்கல் 34 சென்டிமீட்டராகக் குறைகிறது. சின்ன கார், பெரிய கார் என்று பார்க்காமல் கிடைக்கும் லாபம் இது.